மன்னர் பேச்சுக்கு அஞ்சுகம் போட்ட மதிப்பெண்

உலகப் படம் வரைந்தவர்கள் கடைசி மூலைக்கு வந்தபோது மை தீர்ந்துபோனதால் வரையாமல் விட்ட நாடு ஒன்று உண்டு. அதன் பெயர் நெடுநிழல். தலைநகரின் நடுவில் நிற்கும் மன்னரின் சிலைதான் பெயருக்குக் காரணம். காலையில் அதன் நிழல் மேற்குப் பேட்டையின் மேல் விழும், மாலையில் கிழக்குப் பேட்டையின் மேல் விழும். உச்சிவேளையில் மட்டும் எல்லோருக்கும் கொஞ்சம் வெயில் கிடைக்கும்.

நெடுநிழலில் மன்னரை மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்தது. போட்டியிடுபவர் ஒருவர்தான் என்றாலும் வாக்குச்சாவடியில் கூட்டம் குறைந்ததில்லை. வராதவர்களின் பெயரை எழுதிக்கொள்ள வாசலில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பார்.

வீடுகள் எல்லாம் அரசுக்குச் சொந்தம். குடியிருப்பவர்களுக்கு வசிப்பிடச் சீட்டு என்று ஒரு காகிதம் கொடுத்திருந்தார்கள். சீட்டு இருக்கும்வரை வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் அரசே ஒரு வானொலிப் பெட்டியும் வழங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மன்னர் அதில் ஒரு மணி நேரம் பேசுவார். குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் சாய்ந்து கேட்பது குற்றம்.

ஒரு வெள்ளிக்கிழமை மன்னர் பேசும்போது பெட்டியில் கொர்ர் என்று ஒரு இரைச்சல் சேர்ந்து வந்தது. மன்னரின் தேர்தல் வெற்றி விழாவை முன்னிட்டு அந்த வாரம்தான் சிலையின் கிரீடத்தில் ஆயிரம் மின்விளக்குகள் போட்டிருந்தார்கள். விளக்குகளைக் கொடுத்தவர் வசிப்பிட அமைச்சர் அம்பலத்தரசரின் மைத்துனர். மலிவான விளக்குகள், இரவும் பகலும் எரிய வேண்டும் என்று ஆணை. இரைச்சலையும் விளக்கையும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை.

இரைச்சலைப் பற்றி மக்கள் மூச்சு விடவில்லை. அரண்மனைச் சமையற்காரர் மட்டும் வாய்தவறி, "மன்னர் பேச்சுல இன்னிக்கு ஏதோ மாவு மில்லு ஓடுது" என்று சொல்லித் தொலைத்தார். அவரை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை, ஆனால் செய்தி மந்திரிசபைக்குப் போய்விட்டது.

"மன்னரின் குரலில் குறை இருக்க இயலாது," என்றார் அம்பலத்தரசர். "அரசு வழங்கிய பெட்டியிலும் குறை இருக்க இயலாது, ஏனெனில் அது அரசு வழங்கியது. எனவே குறை காற்றில் இருக்கிறது. காற்றில் கை வைப்பவர்கள் யார்?"

கம்பிக்காரர்கள் என்று சபை ஒரே குரலில் சொன்னது.

கம்பிக்காரர்கள் என்பது ஊரார் வைத்த பெயர். அவர்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பழைய மன்னர் காலத்தில் பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள், நாடு முழுக்க நாற்பத்தொரு பேர். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, சொந்தமாகச் செய்த கருவியில் கடல் தாண்டி இருக்கும் யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, "நான் பேசுவது எப்படிக் கேட்கிறது?" என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்வார். பிறகு அவர் கேட்பார், இவர்கள் பதில் சொல்வார்கள். இதற்காகவா இத்தனை பாடு என்று மற்றவர்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான், ஆனால் சாய்ந்து உட்காராமல் ஒரு மணி நேரம் இரைச்சல் கேட்பவர்கள் கேட்கக்கூடிய கேள்வி அல்ல.

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி அஞ்சுகம். வயது ஐம்பத்திரண்டு. தையல் மிஷின் ரிப்பேர் பார்ப்பவள். கிழக்குப் பேட்டை ஏழாம் கட்டடத்தில் நான்காம் மாடியில் அவளும் கணவர் பக்கிரிசாமியும் குடியிருந்தார்கள். முப்பது வருஷம் வாடகை அறைகளில் மாறி மாறி இருந்தபிறகு கிடைத்த வீடு அது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே மாடிக்குப் போகும் ஏணி. பக்கிரிசாமி டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றிய அன்று, "இனிமே இதை இறக்க மாட்டேன், நான் செத்தப்புறம் எவனாவது இறக்கிக்கட்டும்" என்று சபதம் செய்திருந்தார்.

கம்பிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிராளி பேசுவது எப்படிக் கேட்கிறது என்பதை இரண்டு எண்களில் சொல்வார்கள். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு, அதிகபட்சம் ஐந்து. இரண்டாவது எண் ஒலி எவ்வளவு பலமாக வருகிறது என்பதற்கு, அதிகபட்சம் ஒன்பது. ஐந்து ஒன்பது என்றால் நூற்றுக்கு நூறு. உலகமெங்கும் கம்பிக்காரர்கள் மரியாதைக்காக எல்லோருக்கும் ஐந்து ஒன்பது போடுவார்கள். "ஐந்து ஒன்பது நண்பரே, ஆனால் உங்கள் பெயர் புரியவில்லை, பத்துத் தடவை சொல்லுங்கள்" என்பது அவர்களிடையே தினசரி நடக்கும் கூத்து.

அஞ்சுகம் அப்படிப் போடமாட்டாள். அண்டை நாட்டுத் துறைமுக அதிகாரி ஒருவருக்கு மூன்று ஆறு போட்டதால் அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில் கூப்பிட்டு, ஆன்டெனா வயரை எலி கடித்திருந்தது என்றும், நானூறு பேரில் அவள் ஒருத்திதான் உண்மையைச் சொன்னாள் என்றும் நன்றி சொன்னார். அவளுக்கு அது பெரிய பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

முதல் ஆணை வந்தது. கூரைக்கு மேல் எந்தப் பொருளும் வசிப்பிட அமைச்சர் தலைப்பாகையோடு நிற்கும் உயரத்தைத் தாண்டக் கூடாது. அந்த உயரத்துக்குக் கோல்கள் செய்து ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். கிழக்குப் பேட்டைக்கு வந்த ஆய்வாளர் கோவர்த்தனம் கோலை மாடியில் ஊன்றி, அண்ணாந்து பார்த்து, ஆன்டெனாவை இறக்கச் சொன்னார்.

"இறக்கிடறேங்க," என்றாள் அஞ்சுகம். "ஆனா அந்த இரைச்சல் இதுலேருந்து வரலீங்க. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு நான் கருவியை நிறுத்திட்டுத்தான் மன்னர் பேச்சு கேக்கறேன்."

"அம்மணி, இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது என் வேலை அல்ல. என் வேலை உயரம்," என்றார் கோவர்த்தனம். பிறகு கோலைத் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் நகர்த்தினார். தொட்டி கோலைவிட ஒரு முழம் உயரம்.

நாடு முழுக்கத் தொட்டிகள் இறங்கின. மக்கள் கீழே போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து நான்கு மாடி ஏறினார்கள். இரைச்சல் குறையவில்லை. ஆனால் உயர ஒழுங்கு வெற்றி பெற்றது என்று அறிவித்து, அதைக் கொண்டாட சிலையின் தோள்களில் மூவாயிரம் விளக்குகள் போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இரைச்சல் இரண்டு மடங்கானது.

இரண்டாம் ஆணை வந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு கை நீளத்துக்கு மேல் கம்பி, கயிறு, வயர் எதுவும் இருக்கக் கூடாது. துணி காயப்போடும் கொடிகள் எல்லாம் அறுபட்டன. ஈரத்துணியை வீட்டுக்குள் போட்டதில் சுவரில் பூஞ்சை பிடித்தது, குழந்தைகள் இருமினார்கள். மூன்றாம் மாடி சொர்ணம் குடத்தோடு ஏறிவந்து அஞ்சுகத்தின் வாசலில் மூச்சு வாங்கினாள். அவள் புருஷன் விளக்குத் துறையில் ஏணிக்காரர்.

"ஏங்க்கா, உன் ஒருத்தி கம்பியால ஊரே நாறுதே. என் பிள்ளைக்கு இருமல் நிக்க மாட்டேங்குது. நேத்து பாலுகூடத் திரிஞ்சுபோச்சு."

"பாலு திரிஞ்சதுக்கும் கம்பிக்கும் என்னடி சம்பந்தம்? என் கம்பியைத்தான் போன மாசமே கழட்டியாச்சே."

"கழட்டினப்புறமும் திரியுதுன்னா, அது எவ்வளவு வெஷமா இருக்கணும், பாரு."

அஞ்சுகம் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவளை மூன்றாம் மாடியில் கொண்டுபோய் விட்டாள். 

கொடி ஒழிப்பு வெற்றியைக் கொண்டாட சிலையின் மார்பில் ஐயாயிரம் விளக்குகள் ஏறின. இரைச்சல் பேச்சை முழுங்கத் தொடங்கியது. மன்னர் பேசுகிறாரா இருமுகிறாரா என்பதே சந்தேகமாகிவிட்டது. மூன்றாம் ஆணையின்படி ஆய்வாளர்கள் மாதத்தில் ஒரு வாரம் வீடுகளுக்குள்ளேயே தங்கிச் சோதிக்க வேண்டும் என்றாயிற்று. கோவர்த்தனம் அஞ்சுகத்தின் வீட்டில் ஏழு நாள் தங்கினார். வீட்டில் இருந்த ஒரே கட்டிலில் அவர் படுத்தார். தினமும் கருவாட்டுக் குழம்பு கேட்டார். அவளுடைய கருவியைச் சந்தேகப் பெட்டி என்று எழுதி அரக்கு வைத்து மூடினார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் கொர்ர் கேட்டார்கள். முடிந்ததும் கோவர்த்தனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன பேச்சு, என்ன பேச்சு" என்றார்.

"என்ன சொன்னாருங்க?" என்று பக்கிரிசாமி உண்மையாகவே கேட்டார்.

கோவர்த்தனம், குழம்பு சூடாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கம்பிக்காரர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு, நரி வேட்டை. வருஷத்தில் ஒரு நாள் சின்ன ஒலிபரப்பி ஒன்றை எங்காவது ஒளித்துவைத்துவிட்டு, மற்றவர்கள் அதைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். பழகிப்போன காது, இரைச்சல் கேட்டால் சும்மா இருக்காது. கருவி அரக்கில் கிடந்தாலும் அரசு கொடுத்த வானொலிப் பெட்டி கையில் இருந்தது. பெட்டியைத் திருப்பத் திருப்ப இரைச்சல் ஏறி இறங்கும். பெட்டிக்குள் அலையைப் பிடிக்கும் காந்தக் குச்சியின் நுனி எந்தப் பக்கம் காட்டும்போது இரைச்சல் அடங்குகிறதோ, நரி அந்தப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அஞ்சுகம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருத்தெருவாகத் திருப்பித் திருப்பி நடந்தாள். மேற்குப் பேட்டையிலிருந்து பார்த்தாலும் கிழக்குப் பேட்டையிலிருந்து பார்த்தாலும் நுனி ஒரே இடத்தைக் காட்டியது. அண்ணாந்தபோது மன்னர் ஒன்பதாயிரம் விளக்குகளோடு அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். பக்கிரிசாமி ஜன்னலைச் சாத்தினார்.

"கண்டுபிடிச்சாச்சு இல்ல, அதோட விடு. யார்கிட்டயும் சொல்லாதே."

"நான் எதுக்குச் சொல்றேன்? கேட்டாத்தானே சொல்லுவேன்."

அடுத்த வாரம் கேட்டார்கள். ஆணைகளால் விளைந்த நன்மையை அளந்து மன்னரிடம் காட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே கேள்விதான்: "இவ்வீட்டில் மன்னரின் பேச்சு எவ்வாறு கேட்கிறது?" நான்கு லட்சத்து முப்பதாயிரம் வீடுகளும் தெளிவாக, இனிமையாக என்று எழுதின. நாற்பது கம்பிக்காரர்களும் ஐந்து ஒன்பது என்று எழுதினார்கள்.

அஞ்சுகம் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினாள்.

"ஊரே எழுதறதை எழுதிட்டுப் போயேன். ரெண்டு நம்பருதானே? வீடு போயிடும் அஞ்சுகம்," என்றார் பக்கிரிசாமி. அவர் குரல் கெஞ்சியது.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா எப்படிக் கேக்குதுன்னு ஒருத்தர் கேட்டு நான் பொய் நம்பர் சொன்னதில்ல. ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் நான் போடுற எந்த நம்பரையும் எவனும் நம்ப மாட்டான். நானே நம்ப மாட்டேன்."

இரண்டு ஒன்பது என்று எழுதினாள். கீழே, "ஒலி பலமாக வருகிறது. சொல் புரியவில்லை. இரைச்சல் சிலை விளக்குகளிலிருந்து வருகிறது" என்றும் சேர்த்தாள். இந்த உலகத்தில் ஒரு கம்பிக்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. அந்த நாட்டில் நடந்தவற்றுள் எனக்குப் பிடித்த ஒரே காரியமும் அதுதான்.

பத்தாம் நாள் விசாரணைக்கு அழைத்தார்கள். வசிப்பிட அமைச்சகத்தில் அம்பலத்தரசர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த ஜன்னல் வழியாகச் சிலையின் தோள் தெரிந்தது.

"அம்மையே, இரைச்சல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்."

"ஆமாங்க. அதனாலதானே நீங்க தொட்டியை இறக்கினீங்க, கொடியை அறுத்தீங்க?"

"அது ஆணைகளுக்கு முன்பு இருந்த இரைச்சல். ஆணைகளுக்குப் பின்பு இரைச்சல் இல்லை என்று நான்கு லட்சத்து முப்பதாயிரம் வீடுகள் எழுதியுள்ளன. நீங்கள் மட்டும் இருக்கிறது என்கிறீர். எனில் அது உங்கள் வீட்டில் மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் இருக்கும் இரைச்சல் யாருடையது?"

அஞ்சுகம் கையோடு கொண்டுவந்திருந்த வானொலிப் பெட்டியை மேசைமேல் வைத்து முடுக்கினாள். கொர்ர் என்று அறை அதிர்ந்தது. குமாஸ்தாக்கள் எதுவும் கேட்காதது போல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் பெட்டியை மெல்லத் திருப்பினாள். உள்ளிருந்த குச்சியின் நுனி ஜன்னலுக்கு வெளியே சிலையைக் காட்டியதும் இரைச்சல் அடங்கிப்போனது.

"பாருங்கய்யா, நுனி காட்டுற இடத்துலதான் இரைச்சல் பொறக்குது. வேணும்னா விளக்கை ஒரு நிமிஷம் அணைச்சுப் பாருங்க."

அம்பலத்தரசர் எழுந்து நின்றுவிட்டார். "எல்லோரும் கண்டீர்களா? மன்னரின் திருவுருவை நோக்கியதும் வானொலிகூட மரியாதையால் அடங்குகிறது! ஒரு பெட்டிக்கு இருக்கும் பணிவு இந்த அம்மைக்கு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் குனிந்து தாழ்ந்த குரலில், எண்ணை மாற்றி எழுதினால் கோப்பை மூடிவிடுவதாகச் சொன்னார். அவள் தலையசைத்து மறுத்தாள். தீர்ப்பு அன்றே கையெழுத்தானது. "கிழக்குப் பேட்டை ஏழாம் கட்டடம், நான்காம் மாடியில் மன்னரின் பேச்சு கேட்பதில்லை என்று இதனால் நிறுவப்படுகிறது. அவ்வீட்டின் இரைச்சல் அண்டை வீட்டாருக்கு ஊறு விளைவிப்பதால் குடியிருப்போர் தொண்ணூறு நாளில் வெளியேறுக." மூன்று முத்திரைகள் குத்தியிருந்தார்கள். வாசலில் காத்திருந்த பக்கிரிசாமி அதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மன்னர் வழக்கத்தைவிடக் கூடுதலாக அரை மணி நேரம் பேசினார். நாடே நிமிர்ந்து உட்கார்ந்து இரைச்சலைக் கேட்டது. என்ன பேசினார் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பேச்சின் எழுத்துப் பிரதி அரண்மனையிலிருந்து ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே வரும். முன்னால் வந்தால் மக்கள் கேட்பதை விட்டுவிட்டுப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்ற அச்சம்.

ஒரு மாதம் கழித்துப் பிரதி வந்தது. ஆய்வாளர்கள் அதைக் கதவுகளில் ஒட்டினார்கள். பழைய வசிப்பிடச் சீட்டுகள் எல்லாம் காலாவதி. வீடு வேண்டுவோர் முப்பது நாளுக்குள் அரண்மனை முற்றத்துக்கு வந்து மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வராதவர்கள் தம் வீட்டை மனமுவந்து அரசுக்கு அன்பளிப்பாகத் தந்தவர்கள் ஆவர். முப்பது நாள் முந்தைய நாளோடு முடிந்திருந்தது. முற்றத்துக்கு ஒருவர்கூட வந்திருக்கவில்லை.

மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். கேட்கவில்லை என்று சொல்ல வழியில்லை. தெளிவாக, இனிமையாகக் கேட்டது என்று அவரவர் கையால் எழுதிக்கொடுத்த படிவம் அமைச்சகத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நான்கு லட்சத்து முப்பதாயிரம் வீடுகளுக்கும் பூட்டுப் போட்டார்கள். பூட்டுப் போட்ட கோவர்த்தனத்தின் வீட்டுக்கு இன்னொரு ஆய்வாளர் பூட்டுப் போட்டார். அம்பலத்தரசரும் படிவத்தில் இனிமையாக என்று இரண்டு முறை எழுதியிருந்ததால் அவர் மாளிகையும் போயிற்று. அவர் அமைச்சகத்திலேயே உயர்ந்த நாற்காலிக்குப் பின்னால் பாய் விரித்தார்.

ஒரு வீட்டுக்கு மட்டும் பூட்டுப் போட முடியவில்லை. அந்த வீட்டில் மன்னரின் பேச்சு கேட்பதில்லை என்று அமைச்சகமே மூன்று முத்திரை குத்தி நிறுவியிருந்தது. கேட்காத வீட்டை ஆணை கட்டுப்படுத்தாது. அண்டை வீட்டாருக்கு ஊறு என்பதற்காகக் காலி செய்யச் சொல்லலாமென்றால் அண்டை வீடு எதிலும் இப்போது ஆள் இல்லை. கோவர்த்தனம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் இருக்கலாம் போலிருக்கிறது, அம்மணி" என்றார். அவர் தலையணை அவர் கக்கத்தில் இருந்தது.

குடிமக்களின் தாராள மனத்தைக் கேள்விப்பட்டு மன்னர் நெகிழ்ந்துபோனார். நன்றி சொல்ல அவரே சிலையடித் திடலுக்கு வந்தார். மூட்டை முடிச்சுகளோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து அவர் கண் கலங்கியது. "கேட்டதும் கொடுத்துவிட்டீர்களே!" என்றார்.

அஞ்சுகம் கூட்டத்திலிருந்து எழுந்தாள். பக்கிரிசாமி முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"யாரும் மனசாரக் கொடுக்கலீங்க. நீங்க பேசினது எங்க யாருக்கும் கேக்கல. எட்டு மாசமா கேக்கல. இந்த விளக்கு போடற இரைச்சல்தான் கேக்குது."

 மன்னருக்குக் கோபம் வரவில்லை. திகைப்புத்தான் வந்தது. அவர் அரண்மனைக்குள் வானொலி கேட்டதில்லை, பேசுகிறவரே கேட்கிறவராகவும் இருக்க முடியாதல்லவா. அவர் அம்பலத்தரசர் பக்கம் திரும்பி, பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"உண்மையா? என் பேச்சு உங்களுக்குக் கேட்கவில்லையா?"

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று முன்வரிசை சொல்லியிருந்தால் அன்று மாலையே பூட்டுகள் திறந்திருக்கும். மன்னர் நிஜமாகவே கேட்டார், பதிலுக்குக் காத்தும் நின்றார். முன்வரிசையில் சொர்ணம் இருமும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மன்னரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற ஏணிக்காரப் புருஷனைப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுச்சுங்க மகாராசா. பக்கத்துல உக்காந்து பேசினாப்பல இருந்துச்சு."

"தெளிவாக் கேட்டுச்சுங்க," என்றார் அவள் புருஷன். அதற்குப்பின் வரிசை வரிசையாக அதே பதில் பின்னால் போயிற்று. கடைசியில் அம்பலத்தரசரும் வீடில்லாத தன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "இனிமையாக இருந்தது, மன்னா" என்றார்.

மன்னர் அஞ்சுகத்தை இரக்கத்தோடு பார்த்தார். "பாவம், இந்த அம்மைக்கு நல்ல வானொலிப் பெட்டி ஒன்று கொடுங்கள்," என்று சொல்லிவிட்டுத் தேர் ஏறினார்.

கூட்டம் கலைந்தபோது சொர்ணம் வந்து அஞ்சுகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோச்சுக்காதேக்கா. வீடுதான் போச்சு, அவரு வேலையாவது நிக்கணும்ல? பிள்ளைக்கு ராத்திரி பனி ஆகாது. உன் வீட்டுல ஒரு ஓரமா..."

அஞ்சுகத்துக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாய் வந்தது. பிள்ளை இருமினான். "வா" என்றாள். சொர்ணத்தோடு அவள் மாமியார், நாத்தனார், நாத்தனார் புருஷன், முதல் மாடிக்காரர்கள், இரண்டாம் மாடிக்காரர்கள் என்று பத்தொன்பது பேர் வந்தார்கள். மூன்று நாள் கழித்துக் கோவர்த்தனமும் தலையணையோடு வந்து, கட்டில் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் சமையல்கட்டு வாசலில் படுத்துக்கொண்டார்.

வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஆனால் கூரை இருந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மன்னர் கொடுத்த புதுப் பெட்டியைச் சுற்றி இருபத்திரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரைச்சல் சற்றுத் தணியும் இடங்களில் கைதட்டினார்கள். "அணைச்சிடட்டுமா?" என்று கேட்ட அஞ்சுகத்தைச் சொர்ணத்தின் மாமியார் உஸ் என்று அடக்கினாள்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை அஞ்சுகம் மேற்குப் பேட்டைத் தையற்கூடத்தில் வேலை முடித்து வந்தபோது வீடு கலகலப்பாக இருந்தது. கோவர்த்தனம் கோலும் கையுமாக அமைச்சகத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார். சொர்ணம் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"உனக்கு ஒரு வேலை மிச்சம்க்கா. மறுபடியும் அந்தப் படிவம் வந்துச்சு. நீ இருந்தா ஏதாவது வம்பா எழுதி வைப்பே, இத்தனை பேரு இருக்கற வீடு, ஊரு என்ன சொல்லும்? நானே எழுதி ஆய்வாளரு ஐயா கையில குடுத்து அனுப்பிட்டேன்."

அஞ்சுகம் காப்பியைக் கீழே வைத்தாள். "என்னடி எழுதின?"

"உங்க பாஷையிலேயே எழுதினேன்க்கா, உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு. அஞ்சு ஒன்பது."

அஞ்சுகம் சுற்றிலும் பார்த்தாள். பத்தொன்பது பேரும் நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் இன்னும் புரிந்திருக்கவில்லை. பக்கிரிசாமிக்குப் புரிந்தது, இனி இதுவும் மன்னர் பேச்சு கேட்கும் வீடு. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினார்.